ஊர் தேடி வரும் சந்தை

நுழையும்முன்

கடைத்தெருவுக்கு வாராத பொருள்கள் பல உள்ளன. காரின் கதவுக்கீலைச் செய்பவர் அதனைத் தெருவில் கூவி விற்க இயலாது. அதை வாங்க வேண்டிய நிறுவனமும் கடைகடையாக ஏறி இறங்கித் தேடுவதில்லை. இவ்விருவரும் ஒருவரையொருவர் கண்டுகொள்ளும் இடமாக வணிகக் கண்காட்சி விளங்குகிறது. ஓரிடத்தில் நில்லாமல் ஊர் ஊராகச் செல்லும் கண்காட்சியின் தேவையையும் வரலாற்றையும் நடைமுறையையும், சென்னையின் தென்புறத் தொழில்நகரான மறைமலை நகரை முன்னிறுத்தி விளக்குகிறது இப்பாடம்.

மறைமலை நகர்

தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு நோக்கிச் செல்லும் மின்தொடர்வண்டி வண்டலூர், கூடுவாஞ்சேரி, பொத்தேரி, காட்டாங்குளத்தூர் ஆகிய நிலையங்களைக் கடந்து மறைமலை நகரை அடைகிறது. சென்னையின் நெரிசலைக் குறைக்கும் நோக்குடன் உருவாக்கப்பட்ட துணை நகரம் இது. தனித்தமிழ் இயக்கத்தை 1916 இல் தொடங்கிய மறைமலையடிகளின் பெயரைத் தாங்கி நிற்பது. வேதாசலம் என்னும் தம் பெயரில் வேதத்தை மறை என்றும் அசலத்தை மலை என்றும் மாற்றித் தமக்குத் தாமே தமிழ்ப்பெயர் சூட்டிக்கொண்டவர் அவர். அவர் பெயர் கொண்ட நகரின் பட்டறைகளில் இன்று லேத், டை, ஜிக் என்னும் சொற்களே மிகுதியாக ஒலிக்கின்றன. ஆயினும், சுழலும் உலோகத்தைச் செதுக்கி உருவாக்கும் வேலைக்குக் கடைசல் என்னும் பழஞ்சொல் தொழிலாளர் நாவில் இன்னும் வழங்கிவருவது மகிழ்ச்சிக்குரியது.

இந்நகரின் தொழிற்பேட்டையில் கடைசல் வேலை, தகடு அழுத்தும் வேலை, நெகிழிப் பொருள் வார்க்கும் வேலை, வெப்பப் பதனிடல், மேற்பூச்சு எனப் பல தொழில்கள் நடைபெறுகின்றன. இவற்றுள் பல, முழுப்பொருள் எதனையும் செய்வதில்லை. முழுப்பொருளின் ஓர் உறுப்பை, சில வேளைகளில் அவ்வுறுப்பின் ஓர் உறுப்பை மட்டுமே செய்கின்றன.

ஒரே வாசல்

திருகு, மரை ஆகியவற்றையும் சேர்த்து எண்ணினால் ஒரு காரில் ஏறத்தாழ 30,000 உறுப்புகள் இருக்கும். அவை அனைத்தையும் கார் நிறுவனமே செய்வதில்லை. இருக்கை, தடுப்பான், விளக்கு முதலிய தொகுதிகளைப் பெரிய வழங்குநர்கள் செய்து தருகின்றனர். இவர்களை முதல் அடுக்கு வழங்குநர் என்பர். அவர்களுக்கு வேண்டிய உறுப்புகளை இரண்டாம் அடுக்கினரும், அவர்களுக்கு வேண்டியவற்றை மூன்றாம் அடுக்கினரும் செய்கின்றனர். பத்துப் பேர் பணிபுரியும் சிறு பட்டறை பெரும்பாலும் மூன்றாம் அடுக்கில் இருக்கும். தான் செய்யும் வளையம் எந்தக் காரில் எவ்விடத்தில் அமர்கிறது என்பதையே அறியாத பட்டறைகளும் உண்டு.

மறைமலை நகரில் ஃபோர்டு நிறுவனத்தின் ஆலை அமைந்தது. 1999 இல் ஐகான் கார் அங்கிருந்து வெளிவந்தது. அதே பத்தாண்டில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை தோன்றியது; 2010 இல் ஒரகடத்தில் ரெனோ - நிசான் ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. சென்னையின் தெற்கிலும் மேற்கிலும் கார் ஆலைகளைச் சுற்றி வழங்குநர் பட்டறைகள் பெருகின. பெரிய ஆலை அருகில் இருப்பது சிறு பட்டறைக்குப் பெரும் வசதி. ஏற்றுமதிச் செலவு குறைவு. வேலை ஆண்டு முழுவதும் உண்டு. புதிய வாங்குநரைத் தேடி அலைய வேண்டியதில்லை. இந்த வசதியே பின்னாளில் இடராகவும் மாறக்கூடும்.

2021 செப்டம்பர் 9 அன்று, இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்தப்போவதாக ஃபோர்டு அறிவித்தது. 2022 ஜூலையில் மறைமலை நகர் ஆலையில் உற்பத்தி நின்றது. ஆலைத் தொழிலாளரின் நிலை குறித்து நாளிதழ்கள் விரிவாக எழுதின. அவர்களுக்குத் தொழிற்சங்கம் இருந்தது, இழப்பீட்டுப் பேச்சும் நடந்தது. மூன்றாம் அடுக்கில் இருந்த பட்டறையின் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். அப்பட்டறைக்கும் கார் நிறுவனத்துக்கும் நேரடி ஒப்பந்தம் இல்லை. ஒரு மாதிரிக் காருக்கென வெட்டப்பட்ட அச்சு வேறு காருக்குப் பொருந்தாது. அதனைப் பழைய இரும்பாகவே விற்க வேண்டும். ஆனால் அந்த அச்சைத் தாங்கிய அழுத்தப் பொறி எக்காருக்கும் பொருந்தும். கார் அல்லாத பிறவற்றுக்கும் பொருந்தும். பொறியை இயக்கும் கைத்திறனும் அவ்வாறே. பொறியும் திறனும் இருந்தும் அவற்றுக்கு வேலை தரும் வேறொரு வாங்குநரை அறியாமையே அப்பட்டறையின் உண்மையான வறுமை.

(ஏற்றுமதிக்கான உற்பத்திக்கு மறைமலை நகர் ஆலையை மீண்டும் பயன்படுத்தும் விருப்பத்தை 2024 செப்டம்பரில் ஃபோர்டு தமிழ்நாடு அரசுக்குத் தெரிவித்தது. இரண்டாண்டுக் காலம் பொறியைச் சும்மா வைத்துக் காத்திருப்பது ஒரு சிறு பட்டறைக்கு இயலாது.)

சேம அச்சு

சங்ககால உமணர் உப்பை வண்டிகளில் ஏற்றி, நெய்தல் நிலத்திலிருந்து உள்நாடு நோக்கிக் குடும்பத்துடன் சென்றனர். மேடும் பள்ளமுமான வழியில் வண்டியின் அச்சு முறியக்கூடும் என்பதால், மாற்று அச்சொன்றை வண்டியின் அடியில் கட்டிச் சென்றனர். அதற்குச் சேம அச்சு என்று பெயர். புறநானூற்றில் ஔவையார் பாடிய பாடலொன்று இதனைக் காட்டுகிறது. தமிழில் பதிவான மிகப் பழைய உதிரி உறுப்பு இதுவே எனலாம். ஒரே வாங்குநரை நம்பி நிற்கும் பட்டறை, சேம அச்சு இல்லாமல் மலைவழி ஏறும் வண்டியை ஒத்தது.

உமணரைப் போலன்றிப் பலவகைப் பொருள்களுடன் கூட்டமாகச் சென்ற வணிகரின் குழுவைச் சாத்து என்றனர். சிலப்பதிகாரத்தில் கோவலனின் தந்தை மாசாத்துவான். கண்ணகியின் தந்தை மாநாய்கன். ஒருவர் பெயர் நிலவழி வணிகத்தையும் மற்றவர் பெயர் கடல்வழி வணிகத்தையும் சுட்டுவன. இடைக்காலத்தில் மணிக்கிராமம், திசையாயிரத்து ஐந்நூற்றுவர் முதலிய வணிகக் குழுக்கள் நாடுகள் பலவற்றில் இயங்கின. சுமத்திராத் தீவின் பாரூஸ் பகுதியில் கிடைத்த, கி.பி. 1088 ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு ஐந்நூற்றுவரைக் குறிப்பிடுகிறது. சிவகங்கை மாவட்டத்துப் பிரான்மலையில் உள்ள 13 ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டிலோ, வணிகர்கள் தாங்கள் கையாண்ட பொருள்களை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றின் மீதும் கோயிலுக்குத் தரும் பங்கைத் தாங்களே முடிவுசெய்த செய்தி காணப்படுகிறது. அரசன் விதித்த வரியன்று அது. வணிகர் கூடித் தமக்குத் தாமே விதித்துக்கொண்டது. அயலூரில் விற்பவனுக்கு முதலில் வேண்டியது அயலாரின் நம்பிக்கை. அந்நம்பிக்கையைத் தனியொருவன் பெறுவதைவிடக் குழுவாகப் பெறுவது எளிது.

ஐரோப்பாவிலும் இதற்கு ஒப்பான அமைப்பு இருந்தது. 12, 13 ஆம் நூற்றாண்டுகளில் பிரான்சின் ஷாம்பெய்ன் பகுதியில் நான்கு ஊர்களில் மாறி மாறி ஆண்டுக்கு ஆறு சந்தைகள் நடைபெற்றன. ஒரு சந்தை முடிந்ததும் வணிகர்கள் அடுத்த ஊருக்குச் சென்றனர். வடக்கிலிருந்து வந்த துணிக்கும் இத்தாலியர் கொணர்ந்த நறுமணப் பொருளுக்கும் அங்கே விலை பேசப்பட்டது. வழிப்பயணத்துக்கு அப்பகுதியின் கோமான் பாதுகாப்பு அளித்தார். ஒவ்வொரு சந்தையின் இறுதி நாள்களும் கணக்குத் தீர்ப்பதற்கென்றே ஒதுக்கப்பட்டிருந்தன. இடம் மாறினாலும் முறை மாறாமல் இருந்ததே அச்சந்தையின் வலிமை.

தெரிந்து தெளிவோம்

ஜெர்மனியின் லைப்சிக் நகரில் நூற்றாண்டுகளாக நடந்துவந்த சந்தைக்கு வணிகர்கள் சரக்கு முழுவதையும் கொண்டுவந்து விற்றனர். தொடர்வண்டியும் ஆலை உற்பத்தியும் பெருகியபின் இது தேவையற்றதாயிற்று. ஆலையில் செய்யும் பொருள்கள் அனைத்தும் ஒன்றுபோலவே இருப்பதால், ஒன்றைப் பார்த்தால் போதும். எஞ்சியவற்றைப் பின்னர் அனுப்பலாம். எனவே, 1895 இல் லைப்சிக்கில் மாதிரிப் பொருள்களை மட்டும் காட்டும் சந்தை நடைபெற்றது. இன்றைய வணிகக் கண்காட்சிக்கு இதுவே முன்னோடி.

பெரிய கண்காட்சியும் சிறிய பட்டறையும்

தமிழ்நாட்டில் பெரிய தொழிற்கண்காட்சிகளுக்குக் குறைவில்லை. சென்னை நந்தம்பாக்கத்தில் 2001 இல் வணிக மையம் திறக்கப்பட்டது. அம்பத்தூர்த் தொழிற்பேட்டை உற்பத்தியாளர் சங்கம் ஈராண்டுக்கு ஒருமுறை நடத்தும் இயந்திரக் கருவிக் கண்காட்சி அங்கே நடைபெறுகிறது. கோயம்புத்தூரில் கொடிசியா அமைப்பு தனக்கெனக் கண்காட்சி வளாகமே வைத்துள்ளது. இவை பல நாள்கள் நடப்பவை. பிற மாநிலத்தாரும் வெளிநாட்டாரும் வருபவை.

மறைமலை நகரிலிருந்து நந்தம்பாக்கம் தொலைவில் இல்லை. ஒரு மணி நேரப் பயணத்தில் சென்றுவிடலாம். அங்கே அரங்கு எடுக்கப் பட்டறை உரிமையாளர் தயங்குவதற்குக் காரணம் தொலைவன்று. சிறு பட்டறையில் உரிமையாளரே பொறியியலாளர், அவரே கணக்கர், பொறி பழுதானால் கைநீட்டுபவரும் அவரே. ஐந்து நாள் அவர் அரங்கில் அமர்ந்தால் பட்டறை ஐந்து நாள் தடுமாறும். அரங்க வாடகை, அலங்காரம், மின்கட்டணம் ஆகியவை அதற்குமேல் வருவன. பெரிய அரங்குகளுக்கிடையே ஒன்பது சதுர மீட்டர் அரங்கில் அமர்ந்திருப்பவரைக் கடந்து செல்வோர் பலர். நின்று பேசுவோர் சிலர்.

ஆகவேதான் வாங்குநரைப் பட்டறை இருக்கும் ஊருக்கே அழைத்துவரும் முறை தோன்றியது. ஒன்றிய அரசின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் துறை இதனை வழங்குநர் மேம்பாட்டு நிகழ்ச்சி என்னும் பெயரில் பல மாவட்டங்களில் நடத்திவருகிறது. பொதுத்துறை நிறுவனங்களும் பெரிய ஆலைகளும் தம் கொள்முதல் அலுவலரை அனுப்புகின்றன. இந்நிகழ்ச்சிகளுக்குச் சட்டத்தின் துணையும் உண்டு. ஒன்றிய அரசு 2012 இல் பிறப்பித்த பொதுக் கொள்முதல் ஆணை, அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் தம் ஆண்டுக் கொள்முதலில் ஒரு பங்கைக் குறு, சிறு நிறுவனங்களிடம் பெற வேண்டும் என்கிறது. தொடக்கத்தில் 20 விழுக்காடாக இருந்த அப்பங்கு பின்னர் 25 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. அதில் 4 விழுக்காடு பட்டியலினத்தவர், பழங்குடியினர் நடத்தும் நிறுவனங்களுக்கும் 3 விழுக்காடு பெண்கள் நடத்தும் நிறுவனங்களுக்கும் உரியன. சட்டம் கதவைத் திறந்து வைத்தாலும் கதவு எங்கே இருக்கிறது என்பதைப் பட்டறைக்காரர் அறிய வேண்டுமே!

வாங்குநர் கடை விரித்தல்

இத்தகைய நிகழ்ச்சிகளில் காணப்படும் ஒரு முறை குறிப்பிடத்தக்கது. வழக்கமான கண்காட்சியில் விற்பவர் தம் பொருளைக் காட்டுவார். வாங்குபவர் சுற்றி வருவார். இங்கே வாங்குநர் நிறுவனம் தனக்கு வேண்டிய உறுப்புகளை மேசைமேல் பரப்பி வைக்கிறது. பட்டறைக்காரர்கள் சுற்றி வருகின்றனர். இதனைத் தலைகீழ்க் கண்காட்சி என்பர். பெரம்பூரில் தொடர்வண்டிப் பெட்டி செய்யும் தொழிற்சாலைக்கும் ஆவடியில் பீரங்கி வண்டி செய்யும் தொழிற்சாலைக்கும் வேண்டும் உறுப்புகள் பல, கார் உறுப்புச் செய்வோரின் பொறிகளிலேயே செய்யத்தக்கவை. இதனை எழுதிக் காட்டினால் விளங்காது. உறுப்பைக் கையிலெடுத்துப் பார்த்த கணத்தில் விளங்கிவிடும். தேர்ந்த கடைசற்காரர் ஓர் உறுப்பை விரலால் தடவி, அதன் வழவழப்பையும் விளிம்பையும் கண்டு, எத்தனை முறை பொறியிலேற்ற வேண்டும் என்று மனத்துக்குள் கணக்கிட்டுவிடுவார். எத்துணை விரிவான விலைப்பட்டியலும் அந்த விரல் அறிவுக்கு ஈடாகாது.

நடத்துவோரின் கணக்கு

ஊர் ஊராகச் செல்லும் கண்காட்சியை நடத்துவோர் முதலில் நாள் குறிக்க வேண்டும். இது எளிதாகத் தோன்றும். ஆனால் பல கண்காட்சிகள் தோற்பது இங்கேதான். நிதியாண்டு முடியும் மார்ச் மாதத்திலும், ஒவ்வொரு மாதத்தின் இறுதி நாள்களிலும் பட்டறைகள் சரக்கு அனுப்புவதில் மூழ்கியிருக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. தாம்பரம், முடிச்சூர்ப் பகுதிகளில் வெள்ளம் வந்தால் வாகனம் நகராது. ஆயுத பூசையன்று பொறிகளுக்குப் பொட்டிட்டுப் படைப்பர். அன்று தொழிற்பேட்டையில் வேறு பேச்சுக்கு இடமில்லை.

அடுத்தது இடம். சிறு தொழில்நகரில் வணிக மையம் இராது. திருமண மண்டபம் இருக்கும். முகூர்த்த நாளில் மண்டபம் கிடைக்காது. ஆடியிலும் மார்கழியிலும் திருமணங்கள் அரிது, மண்டபம் ஒழிந்திருக்கும், வாடகையும் பேசிக் குறைக்கலாம். திருமணத்துக்கு உகாத திங்கள் வணிகத்துக்கு உகந்ததாகிறது! ஆனால் மண்டபத்தின் மின்னிணைப்பு விளக்குக்கும் விசிறிக்கும் போதுமானதேயன்றி, ஓடும் பொறியைக் காட்டுவதற்குப் போதாது; தனியே மின்னாக்கி கொண்டுவர வேண்டும். கனமான பொறியைத் தளம் தாங்குமா, அதனைச் சரக்குந்திலிருந்து இறக்கிப் படியேற்ற வழியுண்டா என்பனவற்றை முன்னரே பார்த்துவர வேண்டும். பார்க்காமல் வந்தவர்கள் பொறியை வாயிலிலேயே நிறுத்திவிட்டுப் படத்தைக் காட்ட நேரும்.

அரங்குகள் ஒரே அளவில், கழற்றிப் பூட்டும் வகையில் செய்யப்பட்டிருக்கும். ஓர் ஊரில் மாலையில் கழற்றினால் இரவோடிரவாகச் சரக்குந்தில் ஏறி மறுநாள் அடுத்த ஊரில் எழும். சென்னை, ஓசூர், சேலம், திருச்சிராப்பள்ளி, கோயம்புத்தூர் என ஓர் ஆண்டின் சுற்று அமையலாம். தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து முனைகளும் இவையே. கயிறு, ஆணி, மின்கம்பி, துணி, பெயர்ப்பலகை அனைத்துக்கும் எண்ணிட்ட பட்டியல் உண்டு. ஓசூரில் விடுபட்ட ஒரு பெட்டி சேலத்தில் ஓர் அரங்கை இருளாக்கிவிடும்.

யாரை அழைப்பது என்பது இவையனைத்தினும் கடினம். வழங்குநர் நூறு பேர் திரண்டு, வாங்குநர் இருவர் மட்டும் வந்தால் அந்நிகழ்ச்சி மறுமுறை நடவாது. வாங்குநர் நிறுவனத்திலிருந்து வருபவர் கொள்முதலை முடிவுசெய்யும் அதிகாரமுடையவரா, வரவேற்புரை கேட்டுத் தேநீர் அருந்திச் செல்பவரா என்பதும் முக்கியம். நல்ல அமைப்பாளர் தொடக்கவிழாவை அரைமணி நேரத்தில் முடித்துவிடுவார். பொன்னாடைக்குச் செலவாகும் நேரம் பட்டறைக்காரரின் நேரம். சந்திப்புகளை இருபது நிமிடம் என்று முன்பே வகுத்து, இன்னாரை இன்ன நேரத்தில் இன்ன மேசையில் சந்திக்கலாம் என்று தெரிவித்துவிடுவதும் உண்டு. காலை வேலையை முடித்துவிட்டு வருவோருக்காக இரவு எட்டு மணிவரை அரங்கைத் திறந்து வைத்தலும் நன்று.

வழங்குநர், வாங்குநர் ஆகியோருடன் மூன்றாமவர் ஒருவரும் இங்கு வருவார். அவர் முகவர் அல்லது விநியோகஸ்தர். வெட்டுக்கருவி, உராய்வுத்தடுப்பு எண்ணெய், உருளைத் தாங்கி, அளவுகருவி முதலியவற்றைப் பெரிய நிறுவனங்களிடமிருந்து பெற்று வட்டாரப் பட்டறைகளுக்கு வழங்குபவர் அவர். இடைத்தரகர் என்று அவரை இகழ்வோர் உண்டு, அது பொருந்தாது. நள்ளிரவில் தாங்கி உடைந்தால், கதவைத் திறந்து எடுத்துக்கொடுத்துக் கணக்கில் எழுதிக்கொள்பவர் அவரே. எந்தப் பட்டறையில் எந்தப் பொறி ஓடுகிறது, எது நின்றுவிட்டது என்பதை அவரைவிட நன்கறிந்தவர் அவ்வட்டாரத்தில் இலர். புதிய ஊரில் கண்காட்சி நடத்துவோர் முதலில் தேடிச் செல்ல வேண்டியவர் அவரே.

காட்டுவதில் உள்ள அச்சம்

தானே கண்டுபிடித்த கருவியைக் காட்சிக்கு வைக்கும் பட்டறைக்காரருக்கு ஓர் அச்சம் உண்டு. படமெடுத்துச் சென்று பிறர் செய்துவிட்டால் என் செய்வது? அச்சம் நியாயமானதே. காப்புரிமை பெறுமுன் ஒரு கண்டுபிடிப்பைப் பலர் காண வெளிப்படுத்தினால் அதன் புதுமை போய்விட்டதாகக் கருதப்படலாம். 1970 ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 31 ஆம் பிரிவு இதற்கு விலக்கு அளிக்கிறது. ஆனால் அது ஒன்றிய அரசு அறிவிக்கை செய்த கண்காட்சிகளுக்கு மட்டுமே உரியது. அங்கே காட்டியவரும் 12 மாதங்களுக்குள் விண்ணப்பித்துவிட வேண்டும். மண்டபத்தில் நடக்கும் சிறு கண்காட்சிக்கு அந்த அறிவிக்கை பெரும்பாலும் இராது. ஆகவே, விண்ணப்பித்துவிட்டுக் காட்டுவதே பாதுகாப்பானது.

கண்காட்சிக்குப் பின்

கண்காட்சி நாளன்று ஒப்பந்தம் கையெழுத்தாவது அரிது. அன்று கிடைப்பவை பெயரட்டைகள், ஒரு வரைபடம், "மாதிரி அனுப்புங்கள்" என்னும் சொல். வரைபடத்தைப் படித்து, மூலப்பொருளை வாங்கி, சில மாதிரிகளைச் செய்து, அளந்து, அளவுக்குறிப்புடன் அனுப்ப வாரங்கள் ஆகும். வாங்குநரின் ஆய்வகம் அவற்றைச் சோதிக்கும். ஒரு மில்லிமீட்டரின் நூற்றில் ஒரு பங்கு பிழைக்கும் மாதிரி திரும்பி வரலாம். கார்த் தொழிலுக்கெனில் ஐஏடிஎஃப் 16949 என்னும் தரச்சான்று கேட்கப்படும். வாங்குநரின் ஆள் பட்டறைக்கே வந்து, பொறியை மட்டுமின்றித் தரையின் தூய்மையையும் பதிவேட்டையும் பார்ப்பார். இவ்வளவும் முடிய ஆறு திங்கள் ஆவதும் உண்டு. இடையில் சோர்ந்து விட்டுவிடுவோர் பலர். கண்காட்சியால் பயனில்லை என்று சொல்வோரும் இவர்களே.

ஒப்பந்தம் வந்தபின் எழும் கேள்வி, பணம் எப்போது வரும் என்பது. குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம், 2006, குறு, சிறு நிறுவனங்களிடமிருந்து பொருளை ஏற்றுக்கொண்டவர் 45 நாள்களுக்கு மிகாமல் பணம் செலுத்த வேண்டும் என்கிறது. தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டியைப்போல் மும்மடங்கு கூட்டுவட்டி தர வேண்டும். ஆயினும் ஒரே வாங்குநரை நம்பியிருக்கும் பட்டறைக்காரர் இச்சட்டத்தை எடுத்துக்காட்டிப் பேசத் துணிவதில்லை. அடுத்த வேலை வாராது போய்விடுமோ என அஞ்சுவார். இரண்டாவது வாங்குநர் கிடைத்தவரோ முதல் வாங்குநரிடம் நிமிர்ந்து நின்று நாள் கேட்கிறார். சட்டம் தந்த உரிமை அன்றுதான் அவர் கைக்கு வருகிறது.

இதற்கிடையில் கண்காட்சி வேறு ஊருக்குப் போய்விட்டிருக்கும். மறைமலை நகரில் அரங்கு அமைத்த அதே சட்டங்கள் ஓசூரின் மண்டபமொன்றில் எழுந்து நிற்கும். அங்கே மேசைமேல் பரப்பிய உறுப்புகளுள் ஒன்று, சில திங்களுக்கு முன் மறைமலை நகரில் ஒருவர் கையிலெடுத்துத் தடவிப் பார்த்ததாக இருக்கலாம். அவர் அனுப்பிய மாதிரி அந்நேரம் வாங்குநரின் ஆய்வகத்தில் அளவுகருவியின் முன் வரிசையில் காத்துக் கிடக்கும்.